மொட்டை என்று ஒரு பதில்

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தேசிகன், முப்பத்திரண்டு வருஷம் மாநில அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர். வருகிற கடிதத்தில் பெயர், தேதி, கையெழுத்து மூன்றும் உண்டா என்று பார்ப்பதுதான் வேலை. இல்லையென்றால் அது மொட்டைக் கடுதாசி, ஓரமாகப் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் போகவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வருஷம் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு சொன்னாரே என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவர் மனைவி பாமா காலமாகி நான்கு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. அவருக்கென்று மிச்சமிருந்தது இதே ஊரில், காக்ஸ் டவுனில் இருந்த தங்கை ரமா ஒருத்திதான். அவளும் தனியாக இருந்தாள். அவள் மகள் ஷ்ரேயா புனேவில். அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. நேரில் பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு இரண்டு தடவை, மற்றபடி வாட்ஸப்.

ரமா கதை கதையாக அனுப்புவாள். இன்று ராத்திரி விண்கதிர் தாக்கப் போகிறது, போனைத் தள்ளி வையுங்கள். முட்டைக்கோஸைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று பொடி எழுத்து. தேசிகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆராய்வார்.

"எந்த டாக்டர்? பேர் இல்லே. எந்த ஆஸ்பத்திரி? ஊர் இல்லே. நாளைக்குன்னு போட்டிருக்கு, எந்த நாளைக்கு? போன வருஷமும் இதே நாளைக்குதான் வந்தது."

பிறகு ஒரே வார்த்தையில் பதில்: 'மொட்டை.' பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன்.

ரமா கோபித்துக்கொண்டதில்லை. 'நீ மொட்டைன்னு சொன்னா நிம்மதி அண்ணா, கோஸ் வாங்கிக்கறேன்' என்று எழுதுவாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மனிதர் இத்தனை ஆராய்ச்சியும் செய்தார் என்று எனக்குச் சந்தேகம். காலை பத்து மணிக்குப் போன் 'டிங்' என்றால் மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். சில நாள் அவர் வாய் திறந்து பேசுவதே அதைப் படித்துக் காட்டத்தான்.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் போதும் என்று ஒன்று அனுப்பியிருந்தாள். மொட்டை. மறுநாள் பத்தரைக்கு இன்னொன்று: 'எடது கை மரத்துப் போனா பயப்படணுமா?' பெயர் இல்லை, தேதி இல்லை, எப்போதும் போடும் 'அண்ணா'கூட இல்லை. நேற்றைய சமாசாரத்தின் அறுந்த வால் என்று நினைத்து, 'மொட்டை' என்று தட்டிவிட்டார். வழக்கமான பதில் வரவில்லை. "காய் வாங்கப் போயிருப்பா" என்று என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நாலு மணிக்கு ரமாவின் பக்கத்து வீட்டு வீணா போன் செய்தாள்.

"அங்கிள், ஆன்ட்டியால எழுந்திருக்க முடியலே. வாய் ஒரு பக்கமா போயிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வந்துட்டோம். பேக வாங்க அங்கிள், சீக்கிரம்."

ஆட்டோவில் நானும் போனேன். பக்கவாதம், உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். இடது கையும் காலும் அசையவில்லை. "காலையிலேயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் ஸார்" என்றார்.

தேசிகன் கட்டிலருகே நின்றார். "ஏன் ரமா, எனக்குச் சொல்லப்படாதா?"

"உனக்குத்தானே எழுதினேன்" என்று அவள் குழறினாள். "நீ மொட்டைன்னு போட்டே. அப்போ ஒண்ணும் இல்லேன்னு படுத்துண்டுட்டேன் அண்ணா."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டினார். "இதுல ஃபார்வர்டுன்னு போட்டிருக்கா, பாருங்கோ." இல்லை. அவளே தட்டியது. "பேர் இல்லேன்னு நெனச்சேனே" என்றார். திரையின் உச்சியில் 'ரமா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அழுதார். நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன்.

ஷ்ரேயா வந்து அம்மாவைப் புனேவுக்கு அழைத்துப் போய்விட்டாள். இப்போது அவருக்கு எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. தினமும் பத்து மணிக்கு அவரே எழுதுகிறார்: 'கை எப்படி இருக்கு? இப்படிக்கு, தேசிகன், மல்லேஸ்வரம்.' கீழே தேதியும் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீல டிக் விழும், படித்துவிட்டாள் என்று அர்த்தம். பதில் மட்டும் இதுவரை வந்ததில்லை.