சத்தம் நின்ற இடம்

சிறுவயதில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் பலமுறை பார்த்த பழைய குடும்பப் படம் அது. மகளைக் கப்பலேற்றிவிட்டுத் தகப்பன் துறையில் நிற்கும் காட்சியில் சத்தம் நின்றுவிடும். வீடியோ நாடா பழுது என்று டெக்கில் தட்டுவோம்.

போன கிழமை, நெடுந்தீவில் படிப்பிக்கும் என் மகள் வந்த படகு நடுக்கடலில் இயந்திரம் நின்று ஒரு மணிநேரம் மிதந்தது. நான் குறிகாட்டுவான் துறையில் காத்து நின்றேன்.

ஞாயிறு மத்தியானம் அவள் கணினியில் அந்தப் படத்தைப் போட்டாள். அதே இடத்தில் சத்தம் நின்றது.

"இதுவும் பழுதோ பிள்ளை? அப்ப நாங்கள் டெக்கில தட்டித் தட்டிப் பாப்பம்."

"இல்லையம்மா. வேணுமெண்டுதான் நிப்பாட்டியிருக்கினம். இவ்வளவு காலமும் நீங்கள் டைரக்டருக்கெல்லோ அடிச்சிருக்கிறியள்!"

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. தகப்பனின் வாய் அசைகிறது, அலை உடைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கமரா அவர் முகத்துக்குக் கிட்டப் போகவும் இல்லை. அன்று துறையில் எனக்கும் காது இப்படித்தான் அடைத்திருந்தது. நான் யாருக்கும் சொல்லாததை, நான் பிறக்க முன்னரே ஒருவர் படமாக எடுத்து வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை அவள் படகேறினாள். கையசைத்தேன். படகு புள்ளியாகும்வரை அதன் இயந்திரச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.