மஞ்சள் ஆகாத முகம்

கோகிலாக்கா காலமான செய்தி, நான் காலைக் காப்பியைக் கையில் எடுத்த நேரத்தில் வந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவருடைய தம்பி மகன் செந்தில் பேசினான். "அத்தை தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்தர்றோமுங்க. எண்ணெய் அரப்பு வெக்கறதுக்குள்ள வந்துருங்க" என்றான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டும் முன், உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, கரைத்த அரப்பைத் தடவுவார்கள். அரப்பு என்பது உசிலை இலைப் பொடி. இங்கே பலரும் தலைக்குத் தேய்ப்பது. பெண்களுக்கு முகத்தில் மஞ்சளும் பூசுவார்கள். செந்தில் போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அந்த முகத்திலா மஞ்சள் பூசப் போகிறார்கள் என்று பதறிப்போய், காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

காரணம் இருந்தது. போன வருஷம் கோகிலாக்கா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "நான் போனா என் மூஞ்சில யாரையும் ஒண்ணும் பூச உட்றாதீங்க விஜயா" என்றார். நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

நாங்கள் இருவரும் பெரியநாயக்கன்பாளையத்தில், தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தோம். நான் பில் போடும் பிரிவில் சேர்ந்தபோது அவர் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். நல்ல உயரம், நல்ல நிறம், அந்த நிறத்தின் மேல் எப்போதும் எங்காவது ஒரு சிவப்புத் திட்டு. வெயில் பட்டால் சிவக்கும், வாசனை சோப்புப் பட்டால் சிவக்கும், புதுப் புடவையைத் துவைக்காமல் கட்டினால் கழுத்தெல்லாம் தடிக்கும். அவ்வளவு மெல்லிய தோல் அவருக்கு.

அவருக்குத் தோல் பிரச்சினை என்பதைவிட, தோலுக்கு யோசனை சொல்பவர்கள்தான் பெரிய பிரச்சினை. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் சம்சாரம் வரை ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள். குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வேப்பிலை, வீட்டில் அரைத்த நலங்கு மாவு. அக்கா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லதுங்க, போட்டுப் பாக்கறனுங்க" என்பார். பொட்டலம் மேசையின் கீழ் அறைக்குள் போய்விடும். அந்த அறையைத் திறந்தால் நாட்டு மருந்துக் கடை வாசனை அடிக்கும்.

எனக்கு எரிச்சலாக வரும். "வேண்டாம்னு சொன்னா என்னங்கக்கா? நாக்கு தேஞ்சா போயிரும்?" என்பேன்.

"அவிய ஆசையாக் கொண்டாறாங்க. வேண்டாங்கறது மரியாதையா இருக்குமுங்களா?"

"அப்ப உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா நம்ப மாட்டாங்க விஜயா. இயற்கையானது, ஒண்ணும் பண்ணாதும்பாங்க. காஞ்சொறிச் செடியும் இயற்கைதானுங்க. கைய வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

இதை என்னிடம் சொல்வார், பொட்டலம் கொண்டுவந்தவர்களிடம் சொல்ல மாட்டார். எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அக்காவால் வந்தது.

அவருடைய கதை முழுவதும் எனக்குத் தெரியவந்தது என் முகம் வெந்தபோதுதான். என் தங்கை கல்யாணத்துக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சைச் சாறும் தயிரும் கலந்து பூசிக்கொண்டு, காய்வதற்காக வெயிலில் உட்கார்ந்தேன். மறுநாள் கன்னம் இரண்டும் கருகிச் சிவந்து தொட முடியாமல் எரிந்தது. லீவு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். சாயங்காலம் அக்கா வந்தார். நான் எடுத்து வைத்திருந்த கற்றாழையை முதலில் ஜன்னலுக்கு வெளியே வைத்தார். பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என் முகத்தின் மேல் சும்மா போட்டார்.

"இதுக்கு என்னங்கக்கா பூசறது?"

"ஒண்ணும் பூசப் படாதுங்க. பூசிப் பூசித்தான் இப்படி ஆயிருக்குது. அது தானா ஆற உடுங்க. நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

அன்றைக்குத் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். பட்டு எடுத்து, பந்தல் போட்டு, முதல் நாள் நலங்கு வைத்திருக்கிறார்கள். பெரியம்மா மகள் புஷ்பாதான் முன்னால் நின்று பூசியவர். எனக்கு ஆகாதுங்க என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார். மஞ்சள் ஆகாத பொம்பளையும் உண்டா கண்ணு என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஆளாளுக்கு மஞ்சளும் மாவும் அள்ளி அப்பியதில், பொழுது சாய்வதற்குள் கண் திறக்க முடியாமல் வீங்கி, கன்னத்தில் கொப்புளம் கண்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். சண்டை போடவில்லை. "இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள். பரம்பரை வியாதி என்று ஊருக்குள் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

"ரெண்டு வாரத்துல மூஞ்சி சரியாப்போச்சுங்க. பேச்சுத்தான் சரியாகலை" என்றார் அக்கா.

"அந்தப் புஷ்பா மேல கோவம் இல்லீங்களா?"

"அவளுக்கு என்ன தெரியும்? ஆசையாத்தான் பூசுனா" என்று சொல்லிவிட்டுத் துணியை நனைக்கப் போனார். எனக்கு அந்தப் புஷ்பாவின் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் லேசில் அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். மகள் கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அக்காவின் வாடகை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் ஒரு வீட்டில்தான். அவருடைய ஒழுங்குகள் எனக்கு மனப்பாடம். குளியல் சீக்கிரம் முடிந்துவிடும். காக்காய்க் குளியல் என்று நான் கேலி செய்வேன். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. நார் போட்டுத் தேய்ப்பது கிடையாது. ஈரம் முழுக்கக் காயும் முன் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சமாக எடுத்து மேலே ஓட்டிவிடுவார். அதையும் எனக்கு ஆகுதுங்க, எல்லாருக்கும் ஆகுமான்னு தெரியாதுங்க என்றுதான் சொல்வார். புதிதாக எது வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கத்தில் பொட்டளவு தடவி, நாலைந்து நாள் பார்த்த பிறகுதான் மற்றது. துணியில் சோப்பு நிற்காமல் அலச வேண்டும் என்பதில் மட்டும் வேலைக்காரம்மாவிடம் கண்டிப்பு. டாக்டர் கொடுத்த களிம்பை வெட்கப்படாமல் போட்டுக்கொள்வார். களிம்பு கெமிக்கல் என்று யாராவது பேசினால் தண்ணியும் கெமிக்கல்தானுங்க என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்.

இவ்வளவு கவனமாக இருந்தும் சில நாள் முகம் பொங்கிவிடும். அப்படி ஒரு நாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெண் இருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருடைய முகத்தைப் பார்த்தாள், துப்பட்டாவை இழுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, "வாங்க விஜயா, நமக்கு சீட்டு கெடைச்சிருச்சு" என்றார். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவர் வீடு வரும் வரை வெளியே பார்த்தபடியே வந்தார். அக்காவின் தனிமை எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியை நிறுத்த ஒட்டிய பிளாஸ்திரி, கையில் அச்சு எடுத்தது போல் புண்ணாகிவிட்டது. நர்ஸிடம் சொன்னேன், நல்ல பெண், அடுத்த முறையிலிருந்து பருத்தித் துணி சுற்றிக் கட்டினாள். அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த அக்கா, திடீரென்று என்னிடம் அந்த வாக்கைக் கேட்டார். பேச்சை மாற்றுவதற்காக, "அப்ப எரியவா போகுது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எரியறதுக்காக இல்லீங்க. ஒரு தடவையாவது, நான் வேண்டாம்னு சொன்னத ஆராச்சும் கேட்டாங்கன்னு இருக்கட்டும்" என்றார்.

தனியாக இருக்க வேண்டாம் என்று தம்பி வந்து கோபிக்கு அழைத்துப் போனார். நல்ல தம்பி, குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் போனில் பேசுவோம். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க விஜயா. பேசத்தான் ஆளில்லை" என்பார். இங்கேயும் அதே கதைதான் என்று நான் சொல்லவில்லை.

அவினாசி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் நிறைந்திருந்தது. அக்காவை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு திட்டுகூட இல்லாமல் படுத்திருந்தார். பெண்கள் இரண்டு மூன்று பேராகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து அழ ஆரம்பிப்பார்கள். நான் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றேன்.

எண்ணெய்க் கிண்ணமும் அரப்பும் மஞ்சளும் வந்துவிட்டன. அவற்றை வாங்கி வைத்தது நரைத்த தலையோடு நிமிர்ந்து நின்ற ஒரு பெரியம்மாள். எல்லோரும் புஷ்பாக்கா, புஷ்பாக்கா என்று அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனேன்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை. அவங்க மூஞ்சிக்கு மஞ்சள் வேண்டாமுங்க. அவங்களே என்கிட்டச் சொல்லியிருக்காங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவளுக்கு என்ன வேணுமுங்க?"

இத்தனை வருஷமாக அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அந்தப் பந்தலில் நான் யாருக்கும் தங்கை இல்லை. "கூட வேலை பார்த்தவளுங்க" என்றேன்.

புஷ்பாக்கா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "நீங்க சொல்றது நெசந்தான் அம்மணி. அவளுக்கு ஆகாது. அன்னைக்கு இந்தக் கையாலதான் பூசிப்போட்டேன்" என்றார். "கலியாணமும் ஆகாம போறா. மஞ்சளும் இல்லாம அனுப்புனா ஊரு என்னங்க பேசும்? எத்தன பேச்சு வாங்கிட்டா அவ. போறப்பவாச்சும் முறையாப் போகட்டுமுங்க. இனி எங்கீங்க அவளுக்கு எரியப் போகுது?"

"எரியறதுக்காக இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். செந்திலைப் பார்த்தேன். அவன், "பெரியவங்க சொல்றாங்களேங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் சத்தம் போட்டிருக்கலாம். சாவு வீட்டில், முறை இல்லாத ஒருத்தி, எந்த உரிமையில் சத்தம் போடுவது?

பங்காளிகளும் மாமன் மச்சான் வீட்டாரும் வரிசையாக வந்தார்கள். எண்ணெய் வைத்தார்கள், அரப்புத் தடவினார்கள். புஷ்பாக்கா மஞ்சளைக் குழைத்து, நெற்றி, கன்னம், தாடை என்று மெதுவாகப் பூசினார். பூசும்போது அழுதார். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் பட்டால் அக்காவுக்கு முதலில் கண்ணுக்குக் கீழேதான் சிவக்கும், அப்புறம் தாடையோரம் தடிப்பு வரும், பழகிய எனக்கு அது தெரியும். வரும் என்று காத்திருந்தேன். எனக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் காத்திருந்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். கன்னத்தில் ஒட்டிய மஞ்சள் நிறத்துக்கு அடியில் தோல் வெளுத்தே கிடந்தது. எங்கேயும் சிவக்கவில்லை. அக்கா இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

எடுப்பதற்கு முன், பார்க்கிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியாக நான் போனேன். அவருக்கு எரியும் என்று பயந்து, பழகிய இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் தொட்டதே இல்லை. கன்னத்தில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று, ரொம்ப மெத்தென்று இருந்தது. "நீங்க வேண்டாம்னு சொன்னத நான் கேட்டனுங்கக்கா. சொல்லியும் பார்த்தனுங்க" என்று அவர் காதோரம் சொன்னேன்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் நடந்துவிட வேண்டும் என்பார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாரேனுங்கக்கா.