இரும்புப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர்

வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். 'மெயில் வண்டி' என்று பட்டப்பெயர். வக்கீல் வாயிலிருந்து வார்த்தை விழுவதற்குள் காகிதத்தில் ஏறியிருக்கும். ஆபீசை மூடி எட்டு மாதமாகிறது. வேலை கேட்டு ஏறாத படியில்லை. எல்லாரும் வயதைக் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒரே ஒரு கம்பெனி மட்டும் வயதைக் கேட்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை. இன்று காலை பதினொரு மணிக்கு இணையத்தில் டைப்பிங் தேர்வு. தவறவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. வைஃபை, மாடியில் குடியிருக்கும் நாத்தனாருடையது. இரண்டையும் சேர்த்துவைக்கக் கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கி வந்து செருகினாள். அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள் என்றது திரை. இணையம் வருவதற்குத்தானே இந்தப் பாடு! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

நாத்தனார் தன் லேப்டாப்பில் அந்த டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

"இனிமே பறக்கும் பாருங்க அண்ணி" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

டிரைவர் ஏறியது. அடாப்டரில் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் திரையில் ஒரு வைஃபையும் தென்படவில்லை. மணி பத்து.

அழுகை வந்தது. அழுதால் கண் மங்கும், எழுத்து தெரியாது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். கையிலிருந்த போனில் வைஃபை நாலு கோடும் நிறைந்திருந்தது. இதற்கு வருவது அதற்கு மட்டும் ஏன் வரவில்லை?

வெல்டரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் எல்லாமே இரும்புதான். தூசி படக்கூடாது, திருடன் தூக்கக்கூடாது என்று கணவர் கனத்த தகட்டில் பெட்டி செய்து, கம்ப்யூட்டரின் சிபியூவை உள்ளே வைத்து, கதவைச் சாத்திக் குறுக்கே கம்பியும் பற்றவைத்திருந்தார். பின்னால் கை நுழையும் சந்து மட்டும்தான்; அடாப்டரையும் அதன் வழியாகத்தான் உள்ளே செருகியிருந்தாள். மனுஷனுக்கு அன்பு வந்தாலும் வெல்டிங்தான். அவள் அந்தச் சந்து வழியாகப் போனை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தாள். நாலு கோடு ஒன்றாகி, அந்த ஒன்றும் போயிற்று. "அகப்பட்டாயா!" என்று துள்ளினாள்.

உடனே பட்டறைக்குப் போன் போட்டாள். "உங்க பெட்டியை அறுக்கணும்."

"ஏம்மா, அது யானை மிதிச்சாலும் நசுங்காதே!"

"யானை எங்க வருது? சிக்னலே உள்ள வரமாட்டேங்குது. ஓடி வாங்க."

ஓடித்தான் வந்தார். மெஷின் வைத்தால் பொறி பறக்கும் என்பதால் கைரம்பத்தால் அறுத்தார். தான் பற்றவைத்தது லேசில் விடவில்லை என்று பெருமையும் பட்டார், திட்டவும் செய்தார். பத்து ஐம்பதுக்குக் கம்பி விழுந்தது. இருவருமாகக் கம்ப்யூட்டரை வெளியே இழுத்தார்கள். திரையில் நாத்தனாரின் வைஃபை பெயர் வந்து நின்றது. கடவுச்சொல்லை அடித்தாள், இணைந்தது. மூன்று நிமிடம் மிச்சம்.

தேர்வு முடியும்வரை கணவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். கேட்டது நிமிடத்துக்கு ஐம்பது வார்த்தை. அவள் அடித்தது எழுபத்தொன்று. திங்கட்கிழமை முதல் பணி என்று திரையிலேயே வந்தது. அவளுக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம்.

"கிடைச்சிருச்சா?" என்றார் கணவர்.

"எனக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பாங்க?" என்றாள்.