பொக்கு ஏலக்காய்

கொச்சி மட்டாஞ்சேரியில் மழை விட்டபாடில்லை. ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் ஒதுங்கி நிற்கிறேன். செல்வி அக்கா முறத்தில் காய் புடைக்கிறார். போடியிலிருந்து வந்து பக்கத்துப் பள்ளுருத்தியில் குடியிருப்பவர். முறத்தில் தங்குவதைவிட வெளியே பறப்பதுதான் அதிகம். பறந்து விழுந்த ஒன்றைப் பிளக்கிறேன். உள்ளே ஒன்றிரண்டு விதைதான் இருக்கிறது.

"ஏன்க்கா இவ்வளவு பொக்கு?"

"ஏலத்தோட்டக் காட்டுல தேனீ இல்லண்ணே. ஏலப்பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. அதுக்குள்ள தேனீ வந்து வந்து உக்காந்தாத்தான் விதை நிறையும்."

"தேனீ எங்கே போச்சு?"

முறம் நிற்கிறது.

"நானும் என் வீட்டுக்காரரும் அங்க மருந்தடிக்கிற வேலைதான் பாத்தோம். வெயிலேறினா மருந்து வாடை தலைக்கேறும்னு காலையிலயே போயிருவோம். தேனீயும் அப்பத்தான் வரும்."

மறுபடி புடைக்கிறார். வேலை முடிந்ததும், கீழே கிடக்கும் பொக்குகளில் இரண்டு கை அள்ளி முந்தானையில் முடிகிறார். கிடங்கு முதலாளி பார்த்தும் பாராமல் இருக்கிறார்.

"இது எதுக்குக்கா?"

"அவருக்கு நெஞ்சு கெட்டுப்போச்சுண்ணே. படுத்த படுக்கைதான். இதைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சுக் குடுத்தா, ராத்திரி கொஞ்சம் மூச்சு விடுவாரு."