ஆந்தைப் பெட்டியை அடைத்தவள்

புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. காலையில் அதன் ஓரமாக நடக்கப் போவேன். தூண் மேல் மரப்பெட்டி தெரிந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வேன். கூட வரும் தோழி, "தரையில என்னத்தத் தேடுற?" என்று கேலி செய்வாள். செருப்பில் கல் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். செம்பனைப் பழத்தை எலி தின்னும், எலியை ஆந்தை தின்னும். அதனால் நிர்வாகமே தூண் நட்டு, பெட்டி வைத்து, ஆந்தைகளைக் குடிவைத்திருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கூரை ஒழுகினால் தகரம் வர ஆறு மாதம் ஆகும். ஆந்தை வீடு ஒழுகினால் மறுநாளே வந்துவிடும். அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை.

ஞாயிறு காலையில் அப்பா ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார், நான் பின்னால் ஓடுவேன். எலி கடித்த பழம், காட்டுப்பன்றி கிளறிய மண், ஆந்தை கக்கிய எலும்பு உருண்டை என்று வழியெல்லாம் நின்று நின்று பார்ப்போம். எங்கள் லயத்துக்கு எதிரே இருந்த பெட்டிதான் கடைசி. ஒரு ஞாயிறு என்னையும் ஏற்றிக் காட்டினார். உள்ளே நான்கு குஞ்சுகள், பஞ்சு போல. என்னைக் கண்டதும் பாம்பு மாதிரிச் சீறின. நான் அலறிவிட்டேன். "பயப்படாத. பசிக்குது லா அதுக்கு" என்றார் அப்பா.

சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. அவருக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டிருந்தது. பொழுது சாய்ந்து ஆந்தை அலறினால் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவார். "வயித்துப் புள்ளைக்காரி இருக்கிற வீட்டு முன்னாடியா இது கத்தணும்?" என்று அம்மா அப்பாவிடம் சண்டை பிடிப்பார். "அதுக்கு எலிதான் தெரியும். நம்ம வீட்டுச் சங்கதி அதுக்கு என்ன தெரியும்?" என்பார் அப்பா. அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, என் காதிலும்தான்.

சித்தியைக் காப்பாற்ற வேண்டியது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் பள்ளி விட்டதும், எல்லாரும் படுத்திருந்த மத்தியான வெயிலில் ஏணியை இழுத்துக்கொண்டு போனேன். எனக்குச் சின்னதாகிப்போன நீலப் பள்ளிச் சீருடையைச் சுருட்டிப் பெட்டியின் வாசலில் திணித்தேன். உள்ளே சீறல் கேட்டது. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறுவதுபோல் தாய் ஆந்தையும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். வாசலை அடைத்துவிட்டால் எப்படித் தூக்கும் என்று யோசிக்கவில்லை. இன்னொரு குத்துக் குத்தி இறுக்கினேன்.

இரண்டு நாள் முன்னைவிட அதிகமாக அலறல் கேட்டது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. "சனியன் ஒழிஞ்சது லா" என்று சித்தி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு அப்பா ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அவர் இறங்கவே இல்லை. துணியை உருவியதும் நாற்றம் கீழே வரை வந்தது. பெட்டியின் தகரக் கூரை ஓரத்தில் மூன்று செத்த எலிகள் காய்ந்து கிடந்தன. உள்ளே கொடுக்க முடியாமல் தாய் வைத்துவிட்டுப் போனவை.

அதற்குள் அப்பாவை வேலை வாங்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அப்பா துணியைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "கழுவறதுக்கு நான்தான் அடைச்சேன். தொறக்க மறந்துட்டேன்" என்றார்.

"இத்தன வருசமா பாக்குற, மறந்துட்டேங்கிற? நாலு குஞ்சுய்யா!"

அப்பா தலையைக் குனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மண்டோருக்குப் பயந்துதான் ஏதோ உளறுகிறார் என்று எண்ணினேன். லயத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு அதே நீலச் சீருடை, யாருடையது என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று தைரியம் வேறு. அதன் இடுப்பில் அம்மா பச்சை நூலில் தைத்த ஒட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சித்திக்கு அந்த மாதமே பெண் பிறந்தாள். அன்று மாலை அடுத்த பெட்டி ஆந்தை அலறிக்கொண்டுதான் இருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. நமக்குக் கெட்டது நடந்தால் பறவையைச் சகுனம் என்கிறோம். அந்த நான்கு குஞ்சுகளுக்குக் கெட்ட சகுனம் நான்தான். இதை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.

அடுத்த ஞாயிறு அப்பா, "வர்றியா?" என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன். அதற்குப் பிறகு அவரோடு நடக்கவே இல்லை.

அப்பா துணி துவைத்து நான் பார்த்ததே கிடையாது. அந்த வாரம் ஒரே ஒரு துணியைத் துவைத்தார். நான் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் முகத்தில் இடிக்கிற மாதிரி வாசல் கொடியில் என் நீலச் சீருடை பச்சை ஒட்டோடு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, தினமும் குனிந்து அதன் அடியில் நுழைந்து போனேன்.