டான்ஸ் நாடகத்தின் முதல் நாள்

என் மகள் ஆடப் போகலாமா கூடாதா என்பதை ஒரு டிவி நாடகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வடபழனியில் ஒரு பெரிய டான்ஸ் குழு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். வராவிட்டால் வேறு பெண்ணை எடுத்துக்கொள்வார்களாம். நானும் கெஞ்சினேன், கத்தினேன், சோற்றுத் தட்டை அவர் முன்னால் டொங்கென்று வைத்தேன். மனுஷன் மசியவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அந்த நாடகத்துக்கு விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். டான்ஸ் ஆடும் பெண்களின் கதை, சிரிப்பும் அழுகையும் கலந்ததாம். அதில் ஒருத்தி நம் வடசென்னைப் பெண்ணாம்.

"ஆடுற பொண்ணுங்க பொழப்பு இன்னான்னு அதுல தெரிஞ்சிடும். பாத்துட்டு அப்பால சொல்றேன்" என்றார்.

"யோவ், பொண்ண பெத்தது நாமளா, டிவி பொட்டியா?" என்று கேட்டேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் அவர். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நின்று நின்று, அவசரம் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாடகம். குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். நான் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த கையோடு உட்கார்ந்தேன். மகள் கதவோரமாக இருந்தாள்.

முதலில் ராயபுரம் கடலைக் காட்டினார்கள். தங்கம் மாதிரி மின்னியது. கரித்தூளும் இல்லை, லாரியும் இல்லை. இது எந்த ஊர் ராயபுரமோ என்று நினைத்துக்கொண்டேன். கதாநாயகி ஒரு பணக்கார வீட்டுப் பெண். நம் வடசென்னைப் பெண் அவளுக்குத் தோழி. ஆனால் ஆட்டம் என்றால் அவள் ஆட்டம்தான். என் மகள் தன்னை அறியாமல் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்டாள். அவள் விரல்கள் தரையில் தாளம் போட்டன.

ஆடி முடித்த பெண், "குடிக்க தண்ணி கீதா?" என்று நம் பேச்சில் கேட்டாள். உடனே டிவிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் சிரித்தது. அவளுடைய அம்மா மீன்காரி என்பதால் மற்ற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் சிரிப்பு. பிறகு ஒரு போன் வந்தது. அவள் கண் கலங்கி, "எங்கம்மாவுக்கு ஜொரமா கீதாம், நான் வூட்டுக்குப் போணும்" என்றாள். அதற்கும் அதே சிரிப்பு.

என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நம்ம பாஷைய டிவில பேசுது பாருமே! சோக்கா ஆடுது!" என்றார். முடிந்ததும் மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ தாராளமா போய் ஆடு. நைனா நான் கீறேன்."

அட எழவே, இதற்கா என் தொண்டைத் தண்ணீர் அத்தனையும் வற்றியது! ஆனாலும் சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் தலையை ஆட்டினாள். சரி என்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் முழுக்க டீக்கடை, மெக்கானிக் கடை என்று ஒன்று விடாமல், மகள் ஆடப் போவதை அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணியை இஸ்திரி போட்டு வைத்தேன். டப்பாவில் இட்லி கட்டினேன். அவள் குளித்துவிட்டு வந்தாள். திரும்பவும் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். வந்து தன் கையை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போவலம்மா."

"அடிப்பாவி, இன்னாடி சொல்றே? உங்கப்பனே சரின்னுட்டாரு!"

"அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லா ஆடுச்சு. அவங்கம்மாவுக்கு ஜொரம்னு சொல்லுது. அதுக்கு இன்னாத்துக்கும்மா சிரிச்சாங்க?"

மீனைக் கிளறிப் பார்த்துவிட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனை மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி விரட்டுகிற வாய் எனக்கு. புருஷனோடு சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"அது சும்மா நாடகம்டி" என்றேன். எனக்கே அது உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

"அங்க போனா நான் பேசவே பேசாம ஆட முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு டிவியில் அதே நாடகத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எழுந்தது. எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. இட்லி டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் அவர் யாரிடமோ பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார்.

"இன்னாமே, இன்னும் ரெடியாவலியா? மெட்ரோக்கு நேரமாவுது, டான்ஸ்காரம்மாவ வரச் சொல்லு!"