காங்கேயத்துக்கு வெளியே நின்ற ரயில்கள்

"ஏங் கண்ணு, ரயிலே இல்லாத ஊருக்கு ரயில் உட்டு ஆரை நம்ப வெக்கப் போறே?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் சென்டர் உரிமையாளர்.

"ஓடுமுங்க சார்" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அந்தச் சென்டரிலேயே டிப்ளமோவும் முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் நான் செய்த ஒன்றை ஓட்டிக் காட்டினால் வகுப்பெடுக்கும் வேலை எனக்கு. இல்லையென்றால் மறுநாளே அம்மாவோடு பனியன் கம்பெனிக்கு, செக்கிங் மேசைக்கு. அம்மா அங்கே சொல்லியும் வைத்துவிட்டாள்.

திரையில் பொம்மை ரயில் விடும் சிமுலேட்டரில் பல்லடத்திலிருந்து காங்கேயம் வழியாகத் தாராபுரம்வரை ஒற்றைப் பாதை போட்டேன். எதிரெதிர் வண்டிகள் விலகிப்போகக் காங்கேயத்தில் மட்டும் இரண்டு தண்டவாளம். பாதையும் நேரமும் கொடுத்துவிட்டால் வண்டிகளைக் கம்ப்யூட்டரே ஓட்டும்.

அது ஓட்டிய லட்சணம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பல்லடத்துப் பாசஞ்சரும் தாராபுரத்துக் கூட்ஸும் காங்கேயத்துக்கு இருபுறமும் வந்து நின்றுகொண்டன. நடுவில் ஸ்டேஷன் காலியாகக் கிடந்தது. ஒருமுறை கூட்ஸ் வந்த வழியே பின்னோக்கிப் போனது. இன்னொருமுறை பாசஞ்சரையே திரையில் காணோம்.

சனிக்கிழமைதான் புறப்படும் நேரங்களைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே நேரம். நானே போட்டது. எங்கள் வீட்டில் காலை என்றால் கம்பெனிச் சங்குதான். அது ஊதினால் தெருவே ஒன்றாகக் கிளம்பும். வண்டிகளையும் அப்படியே கிளப்பியிருந்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து, மற்றது முதலில் நுழையட்டும் என்று ஒவ்வொன்றும் காத்திருந்தது. கூட்ஸைத் தாமதப்படுத்தினேன். ஓடியது. ஆனாலும் நாளைக்கும் ஓடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஞாயிறன்று என் நாற்காலிக்குப் பின்னால் பெற்றோர்கள் கூடி நின்றார்கள். பாசஞ்சர் காங்கேயத்துக்குள் நுழைந்தது. கூட்ஸ் வெளியே நின்றுவிட்டது.

"என்னங்க, டிரைவரு டீ குடிக்கப் போயிட்டாருங்களா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

உரிமையாளர் என் காதருகே குனிந்தார். "ஆஃப் பண்ணிரு கண்ணு. கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"இல்லீங்க சார். நிக்கட்டும்."

காத்திருக்கிறதா, மாட்டிக்கொண்டதா என்று எனக்கே தெரியாது. பாசஞ்சரின் கடைசிப் பெட்டி தண்டவாளம் மாறி ஒதுங்கியது. அதன்பிறகு கூட்ஸ் மெல்ல அசைந்து, ஊர்ந்து, உள்ளே வந்தது.

உரிமையாளர் முன்னறைக்குப் போனார். டீ என்று கிண்டல் செய்தவரும் பின்னாலேயே போனார்.

"வகுப்பு எப்பங்க? ஆருங்க எடுக்கறது?"

உரிமையாளர் பதில் சொல்ல வாயெடுத்து, வாசலோரப் பலகையைப் பார்த்ததும் அதையே அவருக்குக் கைகாட்டினார். 'நாளை முதல் வகுப்பு' என்று காலையிலேயே அதில் எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தேன்.